உடனும் ஒருங்கும்: கண்டி வரலாற்றின் துணைகொண்டு ஒரு சொல்லாராய்ச்சி

பல நிகழ்ச்சிகள் ஒரே வேளையில் நிகழ்வதைக் குறித்தற்குத் தமிழிலே தக்க சொல் யாது என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் அண்மையில் என்னை வினவினார். அவர் கையில் இருந்தது பௌதிக நூல். இரண்டு ஊசல்கள் ஒன்றுபோல ஆடுவதைக் கூறும் பகுதியை அவர் படித்துக்கொண்டிருந்தார். 'ஏககாலம்' என்பது வடமொழி; 'ஒரே நேரத்தில்' என்பது சொல்லன்று, சொற்றொடர். எனவே, 'உடனிகழ்ச்சி' என்று கூறலாம், 'ஒருங்கு நிகழ்தல்' என்றும் கூறலாம் என்றேன். "இரண்டும் ஒன்றுதானே, ஐயா?" என்று அவர் மீண்டும் வினவினார். ஆம் என்று சொல்ல வாயெடுத்தவன், சொல்லாது நின்றேன். அன்று வகுப்பிலே கூறாது விட்ட விடையே இக்கட்டுரையாகும்.

சொல்லின் பொருளை நிகண்டிலும் அகராதியிலும் தேடுதல் ஒரு முறை. அச்சொல் குறிக்கும் செயல் மக்கள் வாழ்விலே எவ்வாறு நடைபெற்றது என நோக்கி அறிதல் மற்றொரு முறை. பலர் ஒரு வேளையில் ஒரு செயலைச் செய்தல் என்பதற்குக் கண்டிமாநகரைப் போல எடுத்துக்காட்டான ஊர் இத்தீவிலே வேறில்லை. ஆதலின், முதலிற் சொற்களை ஆராய்ந்து, பின்னர் இந்நகரின் வரலாற்றிலே அவற்றைப் பொருத்திப் பார்ப்போம்.

'உடன்' என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். உடன்பிறந்தார், உடன்போக்கு, உடன்படுதல் என்னும் வழக்குக்களிலே, ஒருவரோடு ஒருவர் சேர்ந்திருத்தல் என்பதே இதன் பொருளாகும். இச்சேர்க்கைப் பொருளே காலப்பொருளாகவும் விரிந்தது. ஒரு செயலை மற்றொரு செயல் இடைவெளியின்றித் தொடருமாயின், அஃது 'உடனே' நிகழ்ந்தது என்கிறோம். இலக்கணத்திலும் இச்சொற்கு உயர்ந்த இடமுண்டு. மூன்றாம் வேற்றுமையின் பொருள்களைக் கருவி, கருத்தா, உடனிகழ்வு என நன்னூலார் வகுத்தார். ஆசிரியனொடு மாணாக்கன் வந்தான் என்னுமிடத்து, வருதலாகிய தொழில் இருவர்க்கும் உரியது. இருவர் வரவும் ஒரு வேளையிலே நிகழ்ந்தது. எனவே அஃது உடனிகழ்ச்சி எனப்பட்டது.

ஈண்டு ஒரு நுட்பத்தை நோக்குதல் வேண்டும். இருவர்க்கும் பொதுவாகிய ஒரு வினையிலே 'ஒடு' என்னும் உருபு உயர்ந்தவர் பெயரைச் சார்ந்து வரும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்திலே விதித்தார். ஆசிரியனொடு மாணாக்கன் வந்தான் என்பதே மரபு. மாணாக்கனொடு ஆசிரியன் வந்தான் என்பது அம்மரபன்று. எனவே, உடனிகழ்ச்சி என்பது வெறுஞ் சேர்க்கையன்று. அச்சேர்க்கையுள்ளே ஒருவர் உயர்ந்தவர், ஒருவர் அவரைச் சார்ந்தவர் என்னும் முறை அமைந்து கிடக்கின்றது. செயல் ஒன்றாயினும் செய்வோர் இருவராகவே நிற்பர். அவ்விருவரும் சமமாக நிற்றல் வேண்டும் என்னும் நியதியும் இல்லை.

இனி, 'ஒருங்கு' என்பதை நோக்குவோம். ஒன்று, ஒருவன், ஒருமை, ஒருமித்தல், ஒருசேர என்பனவற்றுக்கெல்லாம் அடியாகிய 'ஒரு' என்பதே இதற்கும் அடியாகும். பரோவும் எமனோவும் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியிலும் இச்சொற்கள் ஒரு குடும்பமாகவே வைக்கப்பட்டுள்ளன. அடக்கு அடங்கு எனவும், சுருக்கு சுருங்கு எனவும், ஒடுக்கு ஒடுங்கு எனவும் பிறவினையும் தன்வினையும் இணையாக வருதல்போல, ஒருக்கு ஒருங்கு என்னும் இணையும் வரும். ஒருக்குதல் என்பது பலவாய் இருப்பவற்றை ஒன்றாக்குதல். ஒருங்குதல் என்பது பலவாய் இருப்பவை தாமே ஒன்றாதல். இங்கே உயர்ந்தவர் தாழ்ந்தவர் என்னும் முறை இல்லை. 'ஒடு' என்னும் உருபிற்கும் இடமில்லை. மனம் ஒருங்கியது என்னும்போது, பல திசையிலே ஓடிய மனம் ஒன்றாயிற்று என்பதே கருத்து.

இச்சொல்லினுள்ளே காலத்தைக் குறிக்கும் உறுப்பு எதுவும் இல்லை என்பதும் கருதத்தக்கது. ஏககாலம் என்பதிலே காலம் வெளிப்பட நிற்கின்றது. ஒருங்கு என்பதிலே அஃது இல்லை. திருக்குறளில் நாட்டின் சிறப்பைக் கூறும் அதிகாரத்திலே, ஒரே குறளில் இச்சொல் இருமுறை வருகின்றது. பிற நாடுகளின் சுமையெல்லாம் திரண்டு ஒருசேரத் தன்மேல் வரினும் அதனைத் தாங்கி, அரசனுக்கு உரிய இறைப்பொருளையும் குறைவின்றிக் கொடுப்பதே நாடு என்பது அக்குறளின் கருத்து. முன்னர் வந்த ஒருங்கு, ஒரே வேளையில் என்னும் பொருளுக்கு அணித்தாக உள்ளது. பின்னர் வந்தது முழுதும் என்னும் பொருளைத் தருகின்றது. எஞ்சாது எல்லாம் வந்து சேர்தலே இச்சொல்லின் முதற்பொருள் எனவும், எல்லாம் சேரும்போது ஒரு வேளையிற் சேர்தலும் உண்டாகையால் காலப்பொருள் அதன் வழியாகக் கிளைத்தது எனவும் கொள்ளுதல் பொருந்தும்.

இவ்விரு வழிகளும் தமிழுக்கு மட்டும் உரியனவல்ல. ஆங்கிலத்திலே வழங்கும் 'சிங்குரனைஸ்' என்னுஞ் சொல் கிரேக்கத்தின் வழி வந்தது. அதன் முன்னுறுப்பாகிய 'சின்' என்பதற்கு 'உடன்' என்பதே பொருள். பின்னுறுப்பு காலத்தைக் குறிக்கும். ஆகவே அது 'உடன்' வழியாகச் சென்ற சொல். 'சைமல்டேனியஸ்' என்னுஞ் சொல்லோ இலத்தீனின் 'சிமுல்' என்பதிலிருந்து வந்தது. 'சிமுல்' என்பதும் வடமொழியின் 'சம' என்பதும் ஒன்று என்னும் பொருளுடைய ஒரு பழைய வேரினின்றும் முளைத்தவை என்று மொழிநூலார் கூறுவர். ஆகவே அது 'ஒருங்கு' வழியாகச் சென்ற சொல். சிங்களத்திலே ஒரே வேளையில் என்பதற்கு வழங்கும் 'எகவர' என்பதிலும் ஒன்று என்னும் பொருளே முன்னிற்கின்றது. வடமொழி மூன்றாவது வழி ஒன்றையும் கண்டது. ஒரே வேளையில் என்று பொருள்படும் 'யுகபத்' என்னுஞ் சொல் நுகத்தடியை நினைவூட்டுவது. ஒரு நுகத்திலே பூட்டிய இரண்டு எருதுகள் ஒன்றுபோல அடியெடுத்து வைக்கும் காட்சி அதனுள்ளே மறைந்திருக்கின்றது. துணையாய்ச் செல்லுதல், ஒன்றாய் ஆதல், ஒரு நுகத்திற் பூட்டுண்ணுதல் என மனிதர் ஒரே கருத்தை மூன்று வழிகளில் நினைந்திருக்கின்றனர்.

நம் மொழிக்கு மிக அணிய உறவாகிய மலையாளத்திலே 'ஒருங்ஙுக' என்பதற்கு ஆயத்தமாதல் என்பது பொருள். விழாவிற்கு ஒருங்குதல், பயணத்திற்கு ஒருங்குதல் என்பன அங்கே நாள்தோறும் வழங்குவன. முன்னேற்பாடு இன்றிப் பலர் ஒன்றாதல் இயலாது என்னும் உண்மை அம்மொழியிலே இச்சொல்லின் முதன்மைப் பொருளாகவே நிலைபெற்றுவிட்டது. இக்குறிப்பை மனத்திற் கொண்டு இனிக் கண்டிக்கு வருவோம்.

கண்டி இராச்சியத்திலே 1660ஆம் ஆண்டு முதல் 1679ஆம் ஆண்டு வரை சிறைப்பட்டிருந்த இறொபேட்டு நொக்சு என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டில் இலண்டனிலே வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், இந்நாட்டார் காலத்தை அளந்த முறையையும் எழுதியுள்ளார். பகல் முப்பது கூறு, இரவு முப்பது கூறு. ஒவ்வொரு கூறும் ஒரு 'பெய'. நம் முன்னோர் நாழிகை என்றதும் இதனையே. இக்காலக் கணக்கிலே அஃது இருபத்து நான்கு நிமிடம். அடியிலே சிறு துளையிட்ட செப்புக் கிண்ணம் ஒன்றை நீர்ப்பானையிலே மிதக்க விடுவர். துளை வழியே நீர் ஏறி, நிறைந்து, கிண்ணம் அமிழும்போது ஒரு பெய கழிந்தது. பொதுமக்கள் இக்கருவியைக் கைக்கொண்டிலர். அரசன் மட்டுமே இதனைக் காத்திருந்து நோக்க ஆளொருவனை அமர்த்தியிருந்தான் என்றும் நொக்சு கூறுகின்றார். தமிழகத்திலும் பாசறையில் இருந்த அரசனுக்கு நீர்க்கன்னலால் நாழிகை அளந்து உரைப்போர் இருந்தனர் என்பதை முல்லைப்பாட்டால் அறிகிறோம்.

இச்செய்தியின் உட்பொருள் யாது? நாடு முழுதுக்கும் நாழிகைக் கிண்ணம் ஒன்றே. அஃது அரண்மனையில் இருந்தது. ஊரார் ஒரே வேளையில் ஒன்றைச் செய்யவேண்டுமாயின், ஒவ்வொருவரும் தத்தம் கருவியை நோக்கிச் செய்வதில்லை. முரசும் சங்கும் வெடியும் ஒலிக்க, அவ்வொலியைக் கேட்டே செய்தனர். 'யூனிசன்' என்னும் ஆங்கிலச் சொல்லும் ஓரொலி என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்களால் ஆயதே. கடிகாரம் வருமுன்னர்க் காலத்தால் ஒன்றுபடுதல் என்பது செவியால் ஒன்றுபடுதலாகவே இருந்தது.

அவ்வாறு ஒன்றுபடுதலின் மிகப் பெரிய காட்சி எசல பெரஹரா. ஆடித் திங்களை ஒட்டி நிகழும் இவ்விழாவைக் காணாத கண்டி மாணவர் இரார். ஆயினும் அதன் தொடக்கத்தை நோக்கியவர் சிலரே. நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என்னும் நான்கு தேவாலயங்களுக்கும் உரிய 'கப்' என்னும் கால்கள் ஒரு மரத்தினின்று எடுக்கப்பட்டு, சுபவேளையிலே அந்தந்தத் தேவாலய வளவில் நாட்டப்படுகின்றன. நம் கோயில்களிலே விழாவிற்குக் கொடியேற்றல் போன்றது இஃது. அதன்பின் ஐந்து இரவுகள் ஒவ்வொரு தேவாலயமும் தன் வளவினுள்ளேயே தன் ஊர்வலத்தைத் தனித்தனி நடத்தும். ஆறாம் இரவிலேதான் நான்கும் தத்தம் இடத்தினின்று வெளிப்போந்து, தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு சேரும். கும்பல் பெரஹரா ஐந்து நாள், ரந்தோலி பெரஹரா ஐந்து நாள் என விழா வளர்ந்து, மகாவலி கங்கையிலே கெட்டம்பையில் நிகழும் நீர்வெட்டோடு முடிவை அடையும்.

முதல் ஐந்து இரவுகளையும் எண்ணிப் பார்க்க. நான்கு இடங்களில், ஒரே இரவிலே, ஒரே வகைச் செயல் நிகழ்கின்றது. அஃது உடனிகழ்ச்சி. ஆறாம் இரவிலே நான்கும் ஒரே ஊர்வலமாகின்றன. அஃது ஒருங்குதல். முன்னைய ஐந்து இரவுகளும் வீண் இரவுகளல்ல. அவையே பின்னைய இரவுகளுக்கு ஆயத்தம். மலையாளம் காத்துவைத்த பொருளைக் கண்டித் தேவாலயங்கள் ஆண்டுதோறும் செய்து காட்டுகின்றன.

இவ்வொருமை தானாக வந்ததுமன்று. நொக்சு கண்ட பெரஹரா தெய்வங்களுக்கு எடுத்த விழாவே. அவர் தரும் வருணனையிலே தந்ததாது இல்லை. 1747ஆம் ஆண்டு முதல் 1782ஆம் ஆண்டு வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் மதுரை நாயக்கர் வழியினன். சீயத்திலிருந்து உபாலி தேரரையும் பிக்குகளையும் வரவழைத்து 1753ஆம் ஆண்டிலே உபசம்பதையை மீண்டும் நிலைநாட்டியவனும் அவனே. அவன் காலத்திலேதான் தேவாலயங்களின் ஊர்வலத்திற்கு முன்னே தந்ததாதுவின் பேழையும் யானைமீது வரும் முறை ஏற்பட்டது என்பர். இன்றும் மாளிகையின் ஊர்வலம் முன்னே செல்ல, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்கள் அம்முறையே பின்தொடரும். முன் பின் என்னும் முறை அமைந்தமையால், தொல்காப்பியர் விதித்த 'ஒடு' இங்கே மீண்டும் தலைகாட்டுகின்றது எனலாம். ஆயினும் கதிர்காமக் கந்தனும், நாம் கண்ணகி என வணங்கும் பத்தினியும் அவ்வூர்வலத்திலே தத்தம் கொடியும் முரசும் யானையும் இழந்தாரல்லர். நீர்வெட்டு முடிந்து திரும்பும் தேவாலய ஊர்வலங்கள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலே தங்கி, சுபவேளை நோக்கிப் பகற் பெரஹராவிற்குப் புறப்படுதலும் மரபு. பல தெய்வங்களும் பல மரபுகளும் ஒரு வீதியிலே, தம் பெயர் கெடாது ஒன்றாய்ச் செல்லுதலை 'உடன்' என்பதிலும் 'ஒருங்கு' என்பதே நிறைவாகக் குறிக்கும்.

இதற்கு மாறான காட்சி ஒன்றும் இந்நகர் வரலாற்றிலே உண்டு. 1815ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் சிறைபிடிக்கப்பட்டான். மார்ச்சு 2ஆம் நாள் கண்டி அரண்மனையின் மண்டபத்திலே கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. உடன்படுதல் என்னும் வினையினின்று பிறந்த பெயர் அது. அங்கே பிரதானிகளும் ஆங்கிலேயரும் ஒரு செயலிலே சேர்ந்தனர் என்பது உண்மை. ஆனால் அச்செய்தியைத் தமிழிலே எழுதுவோர் எவ்வாறு எழுதுவர்? ஆங்கிலேயரொடு பிரதானிகள் உடன்பட்டனர் என்றே எழுதுவர். 'ஒடு' யாரைச் சார்ந்து நிற்கின்றது என்பதை நோக்குக. பழைய விதி பிழைபடவில்லை. நாடு ஆங்கிலேய முடியின்கீழ் வந்தது. அரசன் வேலூரிலே சிறையிருந்து 1832ஆம் ஆண்டில் மாண்டான். உடன்படிக்கை எழுதி மூன்றாண்டு முடியுமுன்னரே, 1817ஆம் ஆண்டில், ஊவாவிலே பெருங் கிளர்ச்சி எழுந்தது. உடன்பட்டவர் ஒருங்கினாரல்லர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பின்னர் வந்த ஆட்சி நாட்டை மற்றொரு வகையால் ஒன்றாக்க முயன்றது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டிப் பாதை 1867ஆம் ஆண்டில் வந்து சேர்ந்தது. ஒரே தண்டவாளத்திலே இரு திசையிலும் வண்டி ஓடவேண்டுமாயின், எல்லா நிலையங்களிலும் ஒரே நேரம் இருத்தல் வேண்டும். இல்லையேல் வண்டிகள் மோதும். ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் வரும் ஞாயிற்றை நோக்கி நண்பகல் கொள்ளும் வழக்கம் இனிச் செல்லாது. 1906ஆம் ஆண்டிலே, கிரீனிச்சு நேரத்திலும் ஐந்தரை மணி முற்பட்ட நேரம் தீவு முழுதுக்கும் பொது நேரமாயிற்று. அரண்மனையிலே ஒருவன் காத்திருந்த செப்புக் கிண்ணம் போய், ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் கடிகாரம் வந்தது. வடமொழியார் கண்ட நுகத்தடி இதுவே. நாடு முழுதும் ஒரு நுகத்திலே பூட்டப்பட்டது.

நுகத்தடியால் நடை ஒன்றாகலாம்; உள்ளம் ஒன்றாதல் உறுதியன்று. மின்வலுவைச் சேமித்தற்காக 1996ஆம் ஆண்டு மே மாதத்திலே கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளப்பட்டன. ஒக்டோபரிலே அரை மணி பின்னே இழுக்கப்பட்டன. அக்காலத்திலே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலே பழைய நேரமே வழங்கிற்று. ஒரு தீவிலே இரண்டு நேரம். ஒரு பிரயாணி சோதனைச் சாவடியைக் கடக்கும்போது அரை மணியையும் கடந்தார். 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே, சித்திரைப் புத்தாண்டை அடுத்து, பழைய ஐந்தரை மணிக் கணக்கு மீண்டது. கடிகார முட்கள் மீண்டும் ஒன்றாயின. ஆனால் போர் மேலும் மூன்றாண்டு நீடித்து, 2009ஆம் ஆண்டிலேயே முடிந்தது.

சித்திரைப் புத்தாண்டைக் கூறினமையால், அதனுள் இருக்கும் ஒரு வியப்பையும் சொல்லுதல் தகும். சுபவேளையிலே அடுப்பு மூட்டிப் பாற்சோறு சமைக்கும் வழக்கத்தால், சிங்கள மக்களின் பல்லாயிரம் வீடுகளிலே ஒரே நிமிடத்தில் நெருப்பு எழுகின்றது. தமிழராகிய நமக்கோ வாக்கிய பஞ்சாங்கம் என்றும் திருக்கணித பஞ்சாங்கம் என்றும் இரண்டு உண்டு. ஆண்டு பிறக்கும் வேளையை இரண்டும் வேறுவேறாகக் கணித்தல் வழக்கம். ஒரு வீதியிலே ஒரு வீட்டார் மருத்துநீர் வைத்து முழுகும் வேளை வேறு, அடுத்த வீட்டார் முழுகும் வேளை வேறு. இரு வீட்டுச் சுவரிலும் ஒரே நேரத்தைக் காட்டும் கடிகாரமே தொங்குகின்றது. ஆயினும் அன்று மாலை இரு வீட்டாரும் ஒருவர்க்கொருவர் கைவிசேடம் கொடுத்து, ஒரே பந்தியில் உண்பதற்கு அவ்வேறுபாடு தடையாவதில்லை. கடிகாரம் ஒன்றாய் இருந்தும் மக்கள் ஒன்றாகாமையை முன்னே கண்டோம். வேளை வேறாய் இருந்தும் மக்கள் ஒன்றாதலை இங்கே காண்கிறோம்.

இவற்றால் பெறப்படுவது யாது? ஒருங்கு என்னுஞ் சொல்லினுள்ளே காலத்தைக் குறிக்கும் உறுப்பு இல்லாதிருத்தல் அதன் குறையன்று. அதுவே அதன் சிறப்பு. வேளையால் ஒன்றுபடுதலை 'உடன்' என்பதே போதிய அளவு உணர்த்தும். தத்தம் தன்மை கெடாது, முன்னரே ஆயத்தமாகி, ஒன்றாய் நிற்றலை உணர்த்தவே நம் முன்னோர் 'ஒருங்கு' என்றனர். இக்காலத்து அலுவலகங்களிலே வழங்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு என்னும் பெயரிலும் இச்சொல் இருக்கின்றது. பல திணைக்களத்தார் ஒரு மேசையைச் சுற்றி ஒரு வேளையில் அமர்தல் உடனிகழ்ச்சியே. அவர்கள் செயல் ஒன்றாயின், அப்பொழுதே அக்குழு தன் பெயருக்கு உரியதாகும்.

ஆகவே, வினவிய மாணவர்க்கு இப்பொழுது விடை கூறலாம். ஒன்றையொன்று அறியாத இரண்டு ஊசல்கள் தற்செயலாய் ஒரே வேளையில் ஆடுமாயின், அதனை உடனிகழ்ச்சி என்க. ஒரே விட்டத்திலே தொங்கி, ஒன்றின் அசைவை மற்றொன்று உணர்ந்து, சிறிது சிறிதாகத் தம் ஆட்டத்தைத் திருத்தி ஒன்றாய் ஆடுமாயின், அதனை ஒருங்கியக்கம் என்க. ஒல்லாந்த விஞ்ஞானியாகிய ஐகன்சு என்பார் 1665ஆம் ஆண்டிலே தம் அறையில் இருந்த இரண்டு ஊசற் கடிகாரங்களிலே இத்தகைய இயக்கத்தைக் கண்டார். அவற்றை ஒருங்கச் செய்தது அவை தொங்கிய பொதுத் தாங்கியினூடே சென்ற சிற்றசைவே. அவ்வூசல்கள் ஒரே திசையிலும் ஆடவில்லை. ஒன்று வலஞ் செல்ல மற்றொன்று இடஞ் சென்றது. ஆயினும் அவை தம்முள் முரணவில்லை.

பல இனத்தாரும் பல சமயத்தாரும் இந்நகரிலே உடன் வாழ்கின்றோம். அவ்வளவில் அமையாது, ஒருங்கி வாழ்தலும் வேண்டும். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாயிலிலே, வேளை வருமளவும் காத்து நிற்கும் தேவாலயத்து யானைகளை அடுத்த பெரஹராவிலே காணும் மாணவர், இவ்விரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை என்னினும் நன்கு அறிந்துகொள்வர்.